அவசரம் லேது

எழுதத் தெரியாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பலசரக்குச் சீட்டும், ஊருக்குப் போட்ட சில கடிதங்களும்தான். ஒற்று எங்கே வரும் என்று இன்றைக்கும் தெரியாது. மறதி வேறு. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று சில இடத்தில் குழம்பும். ஆனால் இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் காகிதத்தில் வைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. டிஸ்பென்சரியில் கூப்பிட்டும் அவர் டெஸ்டுக்குப் போகவில்லை, அலட்சியமாக இருந்துவிட்டார், அதனால்தான் இப்படி ஆயிற்று என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். அது சரியில்லை. அதைச் சொல்லத்தான் இது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணம் ஆன மறு மாதம் ஹைதராபாத் வந்தேன். நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. அவருக்கு ராணுவத்துக்குச் சாமான் செய்கிற சர்க்கார் பாக்டரியில் வேலை. குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் ஏழு வீடு, அதில் ஐந்து வீடு தமிழ். எனக்குத் தெலுங்கு தேவையே இல்லாமல் பாதி ஆயுசு போயிற்று. காய்கறிக்காரரிடம் எவ்வளவு, வேண்டும், வேண்டாம் என்பதற்கு எந்த்த, காவாலி, வத்து என்று மூன்று வார்த்தை போதும். மற்ற எல்லாவற்றுக்கும் அவர் இருந்தார். பாங்க், கரண்ட் ஆபீஸ், பையன் பள்ளிக்கூடம், எங்கேயும் அவர்தான் பேசுவார். நான் ஓர் அடி பின்னால் நிற்பேன். யாராவது என்னை நேராகப் பார்த்துக் கேட்டால் எனக்கு முகம் சூடாகிவிடும். இந்த வயதிலும் அப்படித்தான்.

ரிட்டயர் ஆனதும் மல்காஜ்கிரியில் இந்த வீட்டுக்கு வந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்கு அம்மா. அவள் புருஷன் ரயில்வேயில் இருந்தவர். நல்ல மனுஷி. எங்கள் வீட்டில் ஓர் அலுமினிய ஏணி இருக்கிறது. தெருவில் பாதிப் பேர் அதைத்தான் வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு நாள் அந்த அம்மா வாசலில் வந்து, "நிச்சென கொஞ்சம் அவசரம் அண்டி" என்றாள். நிச்சென என்றால் ஏணி. அது எனக்குத் தெரியும். என்னவோ ஏதோ என்று அடுப்பை அணைத்துவிட்டு ஓடி, ஏணியை இழுத்து வந்து கொடுத்தேன். மூன்று நாளாக அது அவர்கள் சுவரில் சாய்ந்தே நின்றது.

"அவசரம்னு வாங்கிட்டுப் போயி இப்படிச் சாத்தி வச்சிருக்காளே, ஒங்களுக்கே நல்லா இருக்கா?" என்று இவரிடம் கேட்டேன்.

பேப்பர் குலுங்கச் சிரித்தார். "விடுளா. அவ அவசரம் அவளுக்கு."

ஏன் இப்படிச் சிரிக்கிறார் என்று நினைத்தேன். நான் தெலுங்கில் எதைப் பேசினாலும் அவர் சிரிப்பார். திருத்த மாட்டார். திருத்தினால் நான் அப்புறம் வாயே திறக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

ரிட்டயர் ஆனவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பாக்டரி டிஸ்பென்சரியில் செக்கப் உண்டு. அவரவர் பிறந்த மாதத்தில் போக வேண்டும். கண், காது, சுகர், பிரஷர், இருதயம் எல்லாம் பார்ப்பார்கள். அறுபது தாண்டிய ஆண்களுக்கு ரத்தத்தில் இன்னொரு டெஸ்டும் உண்டு. பி.எஸ்.ஏ. என்று பேர். ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் ஏதாவது கோளாறு என்றால் இந்த டெஸ்டில் எண் கூடிக் காட்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் சொல்லவும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. அந்த இடத்தைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே கிடையாது. இரண்டு பிள்ளை பெற்று, ஒன்றைப் பறிகொடுத்து, இத்தனை வருஷம் ஒரே கூரையில் இருந்தும் அதற்கு எங்களிடம் ஒரு வார்த்தை இருந்ததில்லை.

எனக்கு அடையாளமே தெரியாமல் போயிற்று என்று சொல்ல மாட்டேன். துணி துவைப்பது நான்தானே. குளியலறைக்குப் போனால் வெகு நேரம் நிற்பார். வெளியூர் பஸ் என்றால் வேண்டாம் என்பார். கோயிலில் பாதிப் பூஜையில் எழுந்து போவார். வேட்டியில் ஈரம் இருக்கும். நான் பார்த்தேன் என்று அவருக்குத் தெரியக் கூடாது என்று அதை மற்றத் துணிக்கு அடியில் வைத்து முதலில் அலசிவிடுவேன். அதைத்தான் மரியாதை என்று நினைத்தேன்.

அறுபத்தெட்டாவது பிறந்த மாதம் செக்கப் போய்விட்டு வந்தவர் சாப்பிடவில்லை. "என்னங்க, சுகர் ஏறிட்டுதா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. புதுசா ஒரு டாக்டர். நம்ம பையன் வயசுகூட இருக்காது. படுக்கச் சொல்லி..." என்று நிறுத்தினார். "அடுத்த வருஷம் போக மாட்டேன் பாத்துக்கோ."

"சரி, போகாட்டி போங்க. ரசம் ஊத்தட்டா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் பேச்சு.

ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து, காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. எடுக்காமல் விட்டிருக்கலாம். நின்று நின்று திரும்பத் திரும்ப அடித்ததால் எடுத்தேன். ஒரு பெண் குரல். டிஸ்பென்சரி என்றாள். சார் இருக்கிறாரா என்று தெலுங்கில் கேட்டாள். ஸ்நானம் என்றேன். அவள் வேகமாகப் பேசினாள். பின்னால் ஒரே கூட்டச் சத்தம். என் காதில் விழுந்தது இவ்வளவுதான். ரத்தம், மள்ளீ, டெஸ்ட். மள்ளீ என்றால் மறுபடியும். பிறகு, "சார்னி தொந்தரகா ரம்மனி செப்பண்டி" என்றாள்.

தொந்தரவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கே ஒரு சந்தோஷம், புரிந்துவிட்டதே என்று. "தொந்தர லேதம்மா. பாகுன்னாரு" என்றேன். தொந்தரவு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறார் என்று சொன்னதாக என் நினைப்பு.

அந்தப் பெண் கொஞ்சம் நிறுத்தி, "அதி காதண்டி. ரிபீட் டெஸ்ட். டேட் ராயமண்டாரா?" என்றாள். அது இல்லை, தேதி எழுதட்டுமா என்கிறாள். அவ்வளவு கூட்டத்தில் நாம் ஏன் அவளைப் போட்டு அவசரப்படுத்த வேண்டும், இவர் குளித்துவிட்டு வந்து நிதானமாகப் பேசிக்கொள்ளட்டும் என்று நினைத்து, "அவசரம் லேதம்மா" என்றேன்.

"அவசரம் லேதா?"

"லேது, லேது."

"சரேனண்டி. மீ இஷ்டம்" என்று வைத்துவிட்டாள்.

உங்கள் இஷ்டம் என்று எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். போனை வைத்தேன். பெருமையாக இருந்தது. முழுசாக ஒரு தெலுங்குப் பேச்சை நானே பேசி முடித்துவிட்டேன்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து யார் என்று கேட்டார். டிஸ்பென்சரியிலிருந்து, மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டுமாம் என்றேன். அதற்கு அடுத்து நான் சொன்னதுதான் இன்றைக்கு வரை எனக்கு நினைவு வரவில்லை. "அவசரமில்லன்னு சொல்லிட்டேன்" என்றேனா, "அவசரமில்லையாம்" என்றேனா? முதலாவது என் பேச்சு. இரண்டாவது டாக்டர் பேச்சு. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அப்போது யோசிக்கவில்லை.

"அப்படின்னா அவங்களே கூப்பிடுவாங்க" என்றார். அவர் முகம் தெளிந்தது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு இரண்டு தோசை கூடவே சாப்பிட்டார்.

யாரும் கூப்பிடவில்லை. ஆடி போய், தீபாவளி போய், பொங்கலும் வந்து போயிற்று. இடையில் ஒரு தடவை, "அந்த ரத்த டெஸ்டு என்னாச்சுங்க?" என்று கேட்டேன். "தேவைன்னா கூப்பிட மாட்டாங்களா?" என்றார். நானும் சரி என்று விட்டேன்.

மாசி வாக்கில் இடுப்பு வலி என்றார். ஏணியில் ஏறி மின்விசிறி துடைத்தது பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்தேன். குறையவில்லை. அடுத்த பிறந்த மாதம் வந்தபோது அவரால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. அதனால் அந்த வருஷம் செக்கப்புக்கு நானும் கூடப் போனேன். ரத்தத்தில் எண் எங்கேயோ போயிருந்தது. பழைய டாக்டர் போய் ஒரு லேடி டாக்டர் வந்திருந்தாள். போன வருஷத்துச் சீட்டைப் பார்த்து, "இது அப்பவே கூடுதலா இருந்திருக்கே, ரிபீட் ஏன் பண்ணலை?" என்று இங்கிலீஷில் கேட்டதாக இவர் எனக்குச் சொன்னார். வெளியே கவுண்டரில் விசாரிக்கச் சொல்லி அனுப்பினாள்.

கவுண்டரில் இருந்தவர் ஒரு நீள ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினார். இவர் பேர் இருந்த வரியில் விரல் வைத்து, "இதிகோ சார், ராசே உந்தி. போன் சேசாமு. அவசரம் லேதன்னாரு மேடம்" என்று என்னைப் பார்த்தார். எழுதியிருக்கிறது, போன் செய்தோம் என்கிறார் என்று புரிந்தது.

எனக்கு முகம் சூடாகி, ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவசரமில்லை என்றுதான் சொன்னேன். அதில் என்ன தப்பு? நீங்கள்தானே திரும்பக் கூப்பிட வேண்டும் என்றுகூட மனதில் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பினார். அந்த வரியில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது. அவர் அதை வாசித்தார். வாசித்த பிறகும் அவர் விரல் அந்த இடத்திலேயே இருந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கும் வரை இருந்தது. பிறகு ரிஜிஸ்டரை மெதுவாக அந்தப் பக்கம் தள்ளி, "நேனே செப்பமன்னானு" என்றார்.

ஆட்டோவில் வரும்போது, "அந்த ஆளுகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நாமதான் மறந்துட்டோம்னேன்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோவில், வெளியில் நாலு பேர் பார்க்கும்படி, அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. இடுப்பு வலிக்கு ஆட்டோ குலுங்குகிறது, அதனால் பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். கான்சர், எலும்பு வரை பரவிவிட்டது என்றார்கள். மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் மகன் லீவு போட்டு வந்து நின்றான். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டான். "சொல்ல முடியாது. அப்பவே சுரப்பிக்கு வெளியே பரவியிருக்கலாம். பரவாமலும் இருந்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் மகன் குதித்தான். "யாருமே கூப்பிடலையாப்பா? டிஸ்பென்சரி மேல கம்ப்ளெயின்ட் குடுக்கறேன். எப்படி விட்டாங்க?"

"வேண்டாம்டா. அவங்க கூப்பிட்டாங்க. நான்தான் போகல."

"ஏன்? ஏன் போகல?"

"கூச்சமா இருந்துது. போகல."

"கூச்சமா! நாப்பது வருஷம் பாக்டரில ஒவ்வொரு மெஷினையும் மாசா மாசம் செக் பண்ணினவர் நீங்க. இதுக்குக் கூச்சமா? படிச்சவர்தானேப்பா நீங்க?"

நான் சும்மா இருந்தேனா? இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன்டா, மறுபடி ரத்தம் குடுக்கணுமாம்னு. இவரு எங்க கேட்டாரு? பிடிச்சா பிடிதானே இவருக்கு" என்று நானும் சேர்ந்துகொண்டேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "ஆமாளா, என் தப்புதான்" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில்.

அதற்குப் பிறகு பதினாலு மாதம் இருந்தார். ஊசி போட்டார்கள். மாத்திரை கொடுத்தார்கள். வலி கூடிக்கூடி வந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நான் அதையே சொன்னேன். கூப்பிட்டாங்க, இவரு போகல. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். ஊரிலிருந்து வந்த அவர் தங்கச்சியிடம் சொன்னேன். கட்டிலில் படுத்தபடி அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

கடைசி வாரங்களில் ஒரு நாள், நான் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். என் முகத்தையே பார்த்தபடி இருந்தவர், "ஒனக்குத் தெலுங்கு சொல்லிக் குடுத்திருக்கணும் நான்" என்றார்.

தனக்குப் பிறகு கடைக்குக் கண்ணிக்கு நான் எப்படிப் போவேன் என்று கவலைப்படுகிறார் என நினைத்தேன். "இனிமே என்னத்தப் படிக்க? மூணு வார்த்த போதும் எனக்கு. வாயத் திறங்க" என்றேன்.

"சிரிச்சுக்கிட்டே இருந்துட்டேன்" என்றார். பிறகு வாயைத் திறந்தார்.

முதல் தெவசம் முடிந்து சில நாள் கழித்து அந்தப் பக்கத்து வீட்டு அம்மா வந்தாள். வாசலில் நின்று, "நிச்சென கொஞ்சம் அவசரம் அண்டி" என்றாள். அவர் போன பிறகு அந்த ஏணியை யாரும் தொடவில்லை. நான் வழக்கம்போல வேகமாகப் போய் இழுத்தேன். கதவில் இடித்து என் கால்மேல் விழப் பார்த்தது. அவள் ஓடி வந்து பிடித்தாள். "அய்யோ, தொந்தர லேதண்டி! மெல்லகா, மெல்லகா" என்று சிரித்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. "மீரே அவசரம் அன்னாரு கதா?" என்றேன். நீங்கள்தானே அவசரம் என்றீர்கள்?

"அவசரமே. ஆனா தொந்தர லேது. ஆதிவாரம் டாங்க் கழுவணும், அதுக்கு." எங்களோடு பழகி அவளுக்குக் கொஞ்சம் தமிழ் வரும். நான் முழிப்பதைப் பார்த்து விளக்கினாள். "அவசரம் அண்டே காவாலி. வேணும், வேணும். தொந்தர அண்டே ஜல்தி. ஜல்தி வேணாம், ஞாயித்துக்கிழமை வேணும். மீ தமிழ்ல அவசரம்னா ஜல்தியா? அவுனா, அப்படியா? இத்தன வருஷம் அதுக்கா ஓடி ஓடித் தந்தீங்க நீங்க?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் வாசல் படியில் உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் தோன்றவில்லை. அவள் சொன்னதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அவசரம் என்றால் வேண்டும். அவசரம் லேது என்றால்? தொந்தர என்றால் சீக்கிரம். தொந்தரகா ரம்மனி செப்பண்டி என்றால்?

அந்தப் பெண், சாரைச் சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்றாள். நான், சீக்கிரம் எல்லாம் இல்லை, நன்றாக இருக்கிறார் என்றேன். அவள், தேதி எழுதட்டுமா என்றாள். நான், தேவையில்லை என்றேன். தேவையில்லையா என்று அவள் திருப்பிக் கேட்டாள். இல்லை, இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன்.

நேனே செப்பமன்னானு என்றால் என்னவென்று பிறகு அந்த அம்மாவிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். நான்தான் சொல்லச் சொன்னேன் என்று அர்த்தமாம்.

ரிஜிஸ்டரில் விரல் வைத்த அந்த நிமிஷத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் என் கையைப் பிடித்தார். பிள்ளையிடம் ஏச்சு வாங்கினார். என்னிடமும் வாங்கினார். என் வாயிலிருந்து தன் குற்றத்தை ஊரெல்லாம் கேட்கும்படி விட்டுவிட்டுப் படுத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே செத்திருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ. பேசாமல் இருப்பதற்குப் பேர் மரியாதை என்று அவரும் என்னைப் போலவே நினைத்திருக்கலாம்.

என் மகன் இப்போது வருஷா வருஷம் தானே போய் எல்லா டெஸ்டும் எடுக்கிறான். நல்லதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சினேகிதர்கள் வருவார்கள். எல்லோருக்கும் நாற்பதை நெருங்குகிற வயது. "எங்க அப்பா மாதிரி அலட்சியமா இருக்காதீங்கடா" என்று அவர்களுக்குச் சொல்கிறான். நான் காபித் தட்டை வைத்துக்கொண்டு பின்னால் நிற்கிறேன். ஒவ்வொரு தடவையும் இல்லடா என்று சொல்ல வாய் வரைக்கும் வருகிறது. காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

அவர் அலட்சியமானவர் இல்லை. கூச்சம் உண்டு. ஆனால் தேதி கொடுத்திருந்தால் போயிருப்பார். கொடுத்த தேதியை அவர் தவறவிட்டதே கிடையாது.

இதை வாசிக்கிறவர்களில் தெலுங்கு நன்றாகத் தெரிந்தவர்கள் இருந்தால், நான் எழுதியிருக்கும் அந்த வார்த்தைகளைக் கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும். காதில் விழுந்ததை எழுதியிருக்கிறேன். தப்பாக விழுந்திருக்கலாம். என் மகனே இதை வாசித்தால், அவன் டிஸ்பென்சரிக்குப் போய் அந்தப் பழைய ரிஜிஸ்டரைக் கேட்டு, அப்பா பேர் இருக்கிற வரியில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்க்கட்டும். நான் நினைப்பதுதான் அங்கே இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். இருந்தால், சினேகிதர்களிடம் சொல்வதை அவன் மாற்றிச் சொல்ல வேண்டும்.